சிங்கப்பூர்க் குடும்பக் குழு: நிலாவுக்கு அலுவலக உடை

வியாழன், இரவு

நிலா: திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன். அலுவலகம் ராஃபிள்ஸ் பிளேஸில். உடையைப் பற்றி அவர்கள் அனுப்பியது ஒரே ஒரு வரி: பிசினஸ் கேஷுவல், சூழலுக்குத் தகுந்தவாறு. அந்தச் சூழலை நான் இன்னும் பார்க்கவே இல்லையே! யாராவது உதவுங்கள்.

அருண்: ஜீன்ஸ், டி-சட்டை, வெள்ளை ஸ்னீக்கர். இதற்கு ஏன் ஒரு கூட்டம் கூட்டுகிறாய்?

நிலா: அண்ணா, நீ வேலை பார்ப்பது ஒன்-நார்த் தொழில்நுட்ப வட்டாரத்தில். அங்கே லுங்கியில் வந்தாலும் கணினியைத் திறந்தால் போதும். இது நிதி நிறுவனம்.

கோமதி பெரியம்மா: சேலை கட்டிக்கொண்டு போ. ஒருவரும் ஒரு சொல் சொல்ல முடியாது. நான் அமைச்சில் இருந்த காலம் முழுவதும் சேலைதான்.

அருண்: காலை நேர எம்ஆர்டி ரயில் நெரிசலில் சேலையா பெரியம்மா?

கோமதி பெரியம்மா: எம்ஆர்டி வந்ததே 1987இல். அதற்கு முன்பு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போயிருக்கிறேன், அதே சேலையில். மடிப்பு கலையாது. ஊசி குத்தத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தாத்தா: எழுபதுகளில் அரசாங்க அலுவலகங்களில் ஒரு சுவரொட்டி இருக்கும். நீண்ட முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று எழுதியிருக்கும். எது நீண்ட முடி என்பதையும் படம் போட்டே காட்டியிருப்பார்கள். முன்முடி புருவத்தைத் தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, பின்முடி சட்டைக் காலருக்குக் கீழே இறங்கக்கூடாது. படித்துப் பார்த்துவிட்டு நேரே முடிதிருத்தும் கடைக்குப் போய்விடலாம்.

நிலா: எனக்கும் அப்படி ஒரு படம் போட்டு அனுப்பியிருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன் தாத்தா.

அருண்: தாத்தா, நீங்கள் டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போவீர்களா?

தாத்தா: கப்பல் முகவர் அலுவலகத்தில் காற்றாடி மட்டும்தான். அரைக்கை வெள்ளைச் சட்டை. டை கட்டினால் மதியத்துக்குள் மயக்கம் போட்டு விழ வேண்டியதுதான். பிறகு கட்டடம் மாறினோம், குளிர்சாதனம் வந்தது, கூடவே டையும் வந்தது. குளிர்சாதனத்துக்காகத்தான் டை கட்டினோம் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

மீனா சித்தி: மாமா சொல்வது ஒருவகையில் சரிதான். வெப்ப ஊர்களில்தான் முதலில் தளர்ந்தது. ஹவாயில் ஆடைத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து, வெள்ளிக்கிழமையாவது பூப்போட்ட சட்டையில் வேலைக்கு வர விடுங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டுக் கேட்டு, 1966இல் அது வழக்கமானது. சட்டை விற்கத்தான் எல்லாம்! அமெரிக்காவில் மற்ற ஊர்களுக்கு அது பரவியபோது அலுவலகங்கள் குழம்பின. ஜீன்ஸ் தயாரிக்கும் லீவைஸ் நிறுவனம் 1992இல் ஒரு சிறு கையேடு அச்சிட்டு ஏறத்தாழ 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. அதில் அவர்களுடைய டாக்கர்ஸ் காக்கிக் கால்சட்டையும் இருந்தது. நான் மனிதவளத் துறைக்கு வந்தபோது எங்கள் மேலாளர் வைத்திருந்த விதிகளும் அந்தக் கையேட்டுச் சாயலில்தான் இருந்தன. காலர் வேண்டும், காக்கி போகலாம், ஜீன்ஸ் கூடாது.

நிலா: இப்போது அந்த விதிகள் எங்கே?

மீனா சித்தி: எடுத்துவிட்டோம். 2019 மார்ச்சில் அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மன் சாக்ஸே உடைவிதியைத் தளர்த்தியது. எல்லா நாளும் எல்லா உடையும் பொருந்தாது, எது பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள். அதன்பிறகு மற்றவர்களும் அந்தப் பாணியில் எழுதத் தொடங்கினார்கள். எழுதுபவர்களுக்கு வேலை மிச்சம். ஆனால் கூட்டத்தில் யார் எப்படி வந்தார்கள் என்று பார்க்கும் கண்கள் அப்படியேதான் இருக்கின்றன. அதிகாரி ஸ்னீக்கரில் வந்தால் எளிமையானவர். புதிதாகச் சேர்ந்த பெண் அதே ஸ்னீக்கரில் வந்தால் அக்கறை இல்லாதவள். இதை எந்தக் குறிப்பிலும் எழுதமாட்டோம்.

நிலா: சித்தி, இதைக் கேட்டபிறகு பயம் கூடிவிட்டது.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

அருண்: பெரியம்மா, எதை நீக்கினீர்கள்?

கோமதி பெரியம்மா: உன் டி-சட்டையைப் பற்றி ஒரு கருத்து. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

செல்வம் மாமா: தையல் கடையை மூடிவிட்டு இப்போதுதான் பார்க்கிறேன். நிலா, மாமா சொல்வதைக் கேள். தேக்கா சந்தை மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டே ஊர் என்ன உடுத்துகிறது என்று சொல்லிவிடுவேன். முன்பெல்லாம் ஷெண்டன் வே வங்கி ஆட்கள் சூட் தைக்க வருவார்கள். கோட்டு ஒன்று, அதே துணியில் கால்சட்டை இரண்டு, ஏனென்றால் கால்சட்டைதான் முதலில் தேயும். இப்போது சூட் தைப்பவர்கள் கல்யாண மாப்பிள்ளைகள் மட்டும். 2020 ஏப்ரலில் எல்லாரும் வீட்டில் அடைந்தார்கள், கடையையும் மூடினேன். திரும்பத் திறந்ததும் வந்தவர்கள் எல்லாரும் ஒரே வேலையைத்தான் கொடுத்தார்கள்: இடுப்பைப் பிரித்துவிடுங்கள். அதற்கு மேல் பிரிக்கத் துணி இல்லாதவர்கள் எலாஸ்டிக் வைக்கச் சொன்னார்கள். முன்னால் பட்டையாக, பின்னால் எலாஸ்டிக். பார்த்தால் தெரியாது. இன்று அதுவே ஆயத்த ஆடையாக எல்லாக் கடையிலும் தொங்குகிறது.

செல்வம் மாமா: இன்னொன்று. உள்ளே சொருகும் சட்டைக்கு அடிப்பாகம் நீண்டு வளைந்திருக்கும், உட்கார்ந்து எழுந்தாலும் வெளியே வராது. வெளியே விட்டுப் போடுவதற்கு அடி நேராக, குட்டையாக இருக்கவேண்டும். இப்போது யாரும் சொருகுவதில்லை. அதனால் நல்ல நல்ல சட்டைகளின் வாலை வெட்டி நேராக்குவதே பெரிய வருமானமாக இருக்கிறது. முழு சட்டை தைத்தால் வருவதைவிடக் குறைவுதான், ஆனால் வரும் கூட்டம் குறையவில்லை. அருண், நீ வளைந்த அடியை வெளியே விட்டுக்கொண்டு திரிவதை உட்லண்ட்ஸ் கல்யாணத்தில் பார்த்தேன். கொண்டுவா, வெட்டித் தருகிறேன்.

அருண்: அது பாணி மாமா.

செல்வம் மாமா: அது இரவு உடை.

நிலா: மாமா, எனக்கு ஒரு வழி சொல்லுங்கள். குர்த்தாவும் கால்சட்டையும் போடலாமா? என்னிடம் நல்ல கைத்தறி குர்த்தாக்கள் இருக்கின்றன. சேலை எனக்கு ஓடாது.

மீனா சித்தி: இங்கேதான் எனக்குக் கோபம் வரும். மதியம் ராஃபிள்ஸ் பிளேஸில் நின்று பார். வெளியே வெயில் கொளுத்தும், இளைஞர்கள் சட்டைக்கு மேல் கம்பளித் துணியில் கையில்லாத மேலாடை மாட்டிக்கொண்டு போவார்கள். எங்கோ பனி பெய்யும் ஊரின் உடை. அது அலுவலக உடையாம். கைத்தறி குர்த்தா போட்டால் மட்டும், இன்று தீபாவளியா என்று கேட்பார்கள். ஜூலை 21 இன நல்லிணக்க நாளில் அதே குர்த்தாவைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நிற்கச் சொல்வார்கள்.

கோமதி பெரியம்மா: அதனால்தான் சாதாரணப் புதன்கிழமையில் போட வேண்டும் என்கிறேன். நாங்கள் தினமும் சேலையில் போனோம், ஒருவரும் தீபாவளியா என்று கேட்கவில்லை. பழகிய கண்ணுக்கு அது வேலை உடை. நீங்கள் விட்டீர்கள், அது விழா உடையாகிவிட்டது.

மீனா சித்தி: அக்கா, அதை முதல் வாரம் சேரும் பெண் தலையில் ஏற்றக்கூடாது. உங்களோடு அலுவலகத்தில் சேலை கட்டியவர்கள் பலர் இருந்தார்கள். இவள் தளத்தில் இவள் ஒருத்தியாகவே இருக்கலாம்.

கோமதி பெரியம்மா: யாராவது ஒருத்தி தொடங்கினால்தானே இரண்டாவது ஆள் வருவாள்.

நிலா: நீங்கள் இருவரும் சொல்வது சரியாகத்தான் படுகிறது. முதல் வாரம் அடர்நீலக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. இரண்டாவது வாரத்திலிருந்து குர்த்தா. யாராவது தீபாவளியா என்று கேட்டால் பெரியம்மாவின் எண்ணைக் கொடுத்துவிடுவேன்.

கோமதி பெரியம்மா: கொடு. மாலை ஆறு மணிக்கு மேல் அழைக்கச் சொல்.

தாத்தா: குளிருக்கு ஏதாவது எடுத்துக்கொள். இந்தக் கட்டடங்களில் உள்ளே மீன் சந்தை ஐஸ் பெட்டிபோல் வைத்திருக்கிறார்கள்.

அருண்: தேசிய சுற்றுப்புற வாரியம் 25 டிகிரியில் வைக்கச் சொல்கிறது தாத்தா. ஜப்பானில் 2005இலேயே கோடைக்காலத்தில் 28 டிகிரி, டையும் கோட்டும் வேண்டாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் யாரோ ரிமோட்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

செல்வம் மாமா: நிலா, ஒரு மெல்லிய கோட்டு தைத்துத் தருகிறேன். உள்துணி முதுகின் மேல்பாதிக்கு மட்டும், தோளில் பஞ்சு வேண்டாம். நாற்காலியில் தொங்கவிட்டால் கசங்காத கலப்புத் துணியாகப் பார்க்கிறேன். சுத்த லினன் கேட்காதே, எம்ஆர்டியில் இறங்கும்போதே தூங்கி எழுந்ததுபோல் இருக்கும். கோட்டு இந்தத் திங்களுக்குள் முடியாது. கால்சட்டை நீளம் மட்டும் சனிக்கிழமை சரிசெய்துவிடலாம். அலுவலகத்துக்குப் போடப்போகும் காலணியையே போட்டுக்கொண்டு வா, ஸ்லிப்பரில் வந்து அளவு கொடுக்காதே.

நிலா: எவ்வளவு ஆகும் மாமா?

செல்வம் மாமா: முதல் சம்பளம் வந்ததும் ஒரு பிரியாணி வாங்கிக் கொடு.

அருண்: எனக்கும் இதே விலையா மாமா?

செல்வம் மாமா: உனக்குச் சட்டைக்கு எட்டு வெள்ளி.

தாத்தா: செல்வம், என்னுடைய இரண்டு கால்சட்டைகள் தீபாவளிக்கு முன்பிருந்தே உன்னிடம் இருக்கின்றன.

செல்வம் மாமா: தயாராக இருக்கின்றன மாமா. சனிக்கிழமை நிலாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

தாத்தா: எலாஸ்டிக் வைத்துவிடாதே.

செல்வம் மாமா: வைத்துவிட்டேனே மாமா.