மலைச் சைக்கிளின் பின் ஷாக் கடைசி வரை போய் இடிக்கிறது, வேர்களிலோ கட்டையாக இருக்கிறது: காயிலுக்கு (கம்பிச்சுருள் ஷாக்குக்கு) மாறலாமா?

செம்மண்தடம்:
என்னுடையது 140 மி.மீ. பின் ட்ராவல் (பின் சக்கரம் மேலேறி இறங்கும் தூரம்) உள்ள ட்ரெயில் பைக். வண்டியோடு வந்த 210×55 ஏர் ஷாக்தான் (நீளம் 210 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது அமுங்கும் தூரம், 55; ஸ்ப்ரிங்குக்குப் பதில் உள்ளே காற்று) இன்னும் இருக்கிறது. ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாம் சேர்த்து நான் 80 கிலோ. முழங்கால் உயரம்கூட இல்லாத டிராப்பில் (படி போன்ற இறக்கத்தில்) இறங்கினாலே ஷாக் கடைசி வரை போய் டக்கென்று இடித்தது, அதற்காகக் காற்றை ஏற்றிக்கொண்டே வந்து இப்போது 220 பிஎஸ்ஐ. இடிப்பது குறைந்திருக்கிறது, ஆனால் வேர்கள் வரிசையாக வரும் இடத்தில் பின் சக்கரம் தரையைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது, போகப் போக வண்டி கட்டையாகிக்கொண்டே வருகிறது. ரீபவுண்ட் திருகை (அமுங்கிய ஷாக் திரும்ப நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) முழுக்க மூடியதிலிருந்து 2 கிளிக் திறந்து வைத்திருக்கிறேன். இதற்குக் காயில் ஷாக்தான் தீர்வு என்று பலர் சொல்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் எந்த ஸ்ப்ரிங்?

இறக்கம்விரும்பி:
இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லையும் ஒரே இடத்தில் இருந்துதான் வருகிறது. கடைசியில் இடிப்பதைக் காற்றழுத்தத்தால் சரிசெய்யப் பார்த்திருக்கிறீர்கள். அழுத்தம் என்பது சேக் சரியாக வருவதற்கு, அதாவது நீங்கள் ஏறி நிற்கும்போது ஷாக் எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்பதற்கு. இடிப்பதைத் தடுக்க வேண்டியது வால்யூம் ஸ்பேசர். காற்றறைக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டைப் போட்டு இடத்தைக் குறைத்தால், ஷாக் அமுங்க அமுங்க மிச்சக் காற்று வேகமாக இறுகும், கடைசிப் பகுதி மட்டும் கெட்டிப்படும், தொடக்கம் கிட்டத்தட்ட அப்படியே மென்மையாக இருக்கும். 220 பிஎஸ்ஐ ஏற்றினால் தொடக்கமும் சேர்ந்து கல்லாகிவிடும், சின்ன வேருக்கெல்லாம் ஷாக் அசையாது.

முதலில் சேக்கை அளந்து பாருங்கள். ஏறும்போது போடும் லாக் லீவரைத் திறந்துவிடுங்கள், நீங்கள் வழக்கமாக ஓட்டும் உடுப்பு, பை எல்லாவற்றோடும் ஏறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பெடல் மேல் எழுந்து நில்லுங்கள், இறக்கத்தில் நிற்பது போலவே. இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு அசையாமல் நின்று, யாரையாவது தண்டின் மேல் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை, தண்டு உள்ளே போகும் வாயில் இருக்கும் சீல் வரை தள்ளச் சொல்லுங்கள். அப்புறம் ஷாக்கை மேலும் அமுக்காமல் மெதுவாக இறங்கி, சீலுக்கும் ஓ-ரிங்குக்கும் நடுவே அளந்து பாருங்கள். 55 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 28 சதவீதம் என்றால் சுமார் 15.5 மி.மீ., 30 சதவீதம் என்றால் 16.5. கணக்கை ஸ்ட்ரோக் அளவை வைத்துத்தான் போடணும், கண்ணுக்குத் தெரியும் தண்டின் நீளத்தை வைத்து அல்ல, சில ஷாக்குகளில் தண்டு ஸ்ட்ரோக்கைவிட நீளமாகத் தெரியும்.

காற்று அடிக்கும் முறையும் முக்கியம். உங்கள் எடையைப் பவுண்டில் போட்டு அதையே பிஎஸ்ஐயாக வைத்துத் தொடங்குவது ஒரு நல்ல வழி, 80 கிலோ என்றால் 175 வாக்கில் வரும். ஒரேயடியாக 175 அடிக்காதீர்கள். 100 வந்ததும் நிறுத்தி, ஷாக்கைப் பத்துப் பதினைந்து முறை பாதி வரை அமுக்கி எடுங்கள், காற்று நெகட்டிவ் அறைக்கும் (எதிர்ப்பக்கமிருந்து தள்ளும் சின்னக் காற்றறைக்கும்) போய்ச் சேரும், பம்ப் முள் இறங்குவதே தெரியும். பிறகு மேலே ஏற்றி, மறுபடி அமுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் ஷாக்கின் முதல் சில மில்லிமீட்டர் இறுகியே இருக்கும், வேர்களில் நீங்கள் உணர்வதில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கலாம். பம்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' குழாயில் இருந்த காற்று, ஷாக்கில் இருந்து போவதல்ல. மறுபடி மாட்டினால் முள் குறைத்துக் காட்டும், ஷாக்கில் இருக்கும் காற்று அந்தக் குழாயை நிரப்பப் போவதால் அப்படி. கசிகிறது என்று பயந்து மேலே அடிக்க வேண்டாம்.

ரீபவுண்டில் 2 கிளிக் திறப்பு உங்கள் எடைக்கு மிக மெதுவு. ஒரு வேரில் அமுங்கிய ஷாக் முழுசாக நீள்வதற்குள் அடுத்த வேர் வந்துவிடுகிறது, அதற்கடுத்தது இன்னும் கீழே இருக்கும்போது வருகிறது, கடைசியில் ட்ராவலே மிச்சமில்லாமல் ஓடுகிறீர்கள். நீங்கள் சொன்ன "போகப் போக கட்டையாகிறது" இதுதான். அழுத்தத்தைக் குறைத்த பிறகு ஒவ்வொரு கிளிக்காகத் திறந்து அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள். டிராப்பில் இறங்கியதும் சீட் உங்களை மேலே தள்ளினால் ஒரு கிளிக் மூடுங்கள்.

சுருள்கம்பி:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் காயிலை அடியோடு ஒதுக்க நான் தயாரில்லை, சின்ன மேடுபள்ளத்தில் அது தரையைப் பிடிப்பதை ஏரில் கொண்டுவருவது கஷ்டம், நீண்ட இறக்கத்தில் சூடேறினாலும் ஸ்ப்ரிங்கின் குணம் மாறாது. கேள்வி உங்கள் ஃபிரேமைப் பொறுத்தது. காயில் நேர்கோட்டில்தான் கெட்டிப்படும், கடைசியில் இறுக ஃபிரேமின் லீவரேஜ் (ஷாக் அமுங்கும் தூரத்தைப்போல் பின் சக்கரம் எத்தனை மடங்கு நகர்கிறது என்பது) குறைந்துகொண்டே வரணும். தொடக்கத்தில் 3.0, முடிவில் 2.3 என்றால் 23 சதவீத மாற்றம், காயிலுக்கு நன்றாக இருக்கும். 10 சதவீதம்தான் என்றால் இப்போது இடிப்பதைவிட அதிகமாக இடிக்கும். இன்னொன்று, ஷாக்கை நீளமான கவட்டை வழியாக இணைக்கும் சில ஃபிரேம்களில் பக்கவாட்டு விசை தண்டின் மேல் விழும், அதனால் காயில் போடக்கூடாது என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஸ்ப்ரிங் கணக்கு கேட்டீர்களே, இதோ. 80 கிலோவில் சுமார் 65 சதவீதம் பின்னால் என்று வைத்தால் 52 கிலோ, நியூட்டனில் 510. சராசரி லீவரேஜ் 140-ஐ 55-ஆல் வகுத்தால் 2.55, ஆக ஷாக் மேல் 1300 நியூட்டன். 30 சதவீத சேக் 16.5 மி.மீ.யில் அது நிற்கணும் என்றால் மில்லிமீட்டருக்கு 79 நியூட்டன், ஸ்ப்ரிங் மேல் எழுதும் அளவில் அங்குலத்துக்கு 450 பவுண்ட். தொடக்க லீவரேஜ் சராசரியைவிட அதிகமாக இருக்கும் ஃபிரேமில் 475 தேவைப்படலாம். ப்ரீலோடு வளையத்தை (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைப்பது) ஸ்ப்ரிங் ஆடாத அளவுக்கு மட்டும் திருகுங்கள், இரண்டு சுற்றுக்கு மேல் திருகித்தான் சேக் வருகிறது என்றால் அடுத்த ஸ்ப்ரிங் வேண்டும்.

எதை வாங்கினாலும் அளவை மாற்றாதீர்கள். 210×50-ம் 210×55-ம் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். நீளமான ஸ்ட்ரோக் தெரியாமல் போட்டால் அமுங்கும்போது டயர் சீட் குழாயில் போய் உரசும்.

செம்மண்தடம்:
ரொம்ப நன்றி இருவருக்கும். அளந்தேன், 10 மி.மீ.தான் இருக்கிறது, 18 சதவீதம். காற்றறையைத் திறந்து பார்த்தால் ஸ்பேசர் ஒன்றுகூட இல்லை. 178 பிஎஸ்ஐயில் 16 மி.மீ. வந்தது, ஒரு ஸ்பேசர் போட்டு ரீபவுண்டை 6 கிளிக் வரை திறந்தேன். வேர்களில் இப்போது சக்கரம் கீழேயே இருக்கிறது! அதே டிராப்பில் ஓ-ரிங் கடைசிக்கு ஒரு விரல் முன்னால் நிற்கிறது. ஆனால் சீட்டைப் பிடித்து வண்டியைத் தூக்கினால் எங்கிருந்தோ லேசாக ஒரு 'டொக்'.

இறக்கம்விரும்பி:
ஓ-ரிங் அங்கே நிற்பது நல்ல இடம். பெரிய அடியில் எப்போதாவது கடைசியைத் தொட்டால் அதற்கும் காற்றேற்ற வேண்டாம், அந்த ட்ராவல் அதற்குத்தான் இருக்கிறது. அடிக்கடி தொட்டால் இரண்டாவது ஸ்பேசர்.

அந்த டொக் பெரும்பாலும் ஷாக் கண்ணில் (போல்ட் போகும் துளையில்) இருக்கும் புஷ், அதாவது உள்வளையம், தேய்ந்ததாக இருக்கும். ஒரு கையால் சீட்டைக் கொஞ்சமாகத் தூக்கி இறக்குங்கள், இன்னொரு கையின் விரலை ஷாக் கண்ணும் ஃபிரேமும் சேரும் இடத்தில் வையுங்கள். மேல் கண்ணா, கீழ்க் கண்ணா, லிங்க் பேரிங்கா என்று விரலுக்கே தெரிந்துவிடும். போல்ட்டைக் குறித்த டார்க்குக்கு (இறுக்க அளவுக்கு) இறுக்கிப் பாருங்கள், அப்படியும் ஆடினால் புஷ்ஷை மாற்றுங்கள், உலோகப் புஷ்ஷில் கிரீஸ் தடவாதீர்கள், அது உலர்ந்து ஓடும் வகை. காற்றறைச் சீலை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்வார்கள், கையோடு அதையும் பார்த்துவிடுங்கள். அறையைத் திறக்கும் முன் காற்றை முழுக்க இறக்குங்கள். காற்றை இறக்கிய பிறகும் ஷாக் அமுங்கியே நின்றால் கழற்றவே வேண்டாம், நெகட்டிவ் அறையில் காற்று சிக்கியிருக்கும், அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.