கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாறாமல் பாட்டு கட்டுவது: ‘ரிமெயின் இன் லைட்’ வழிமுறை

டேப்சுருள்:
அமெரிக்க ராக் குழுவான டாக்கிங் ஹெட்ஸின் ‘ரிமெயின் இன் லைட்’ என்ற இந்த 1980 ஆல்பத்தை சாம்பிள் (வேறு ஒலிப்பதிவிலிருந்து வெட்டியெடுத்த துண்டு) அடுக்கிச் செய்ததாக நினைப்பவர்கள் நிறைய. அப்படியில்லை. பஹாமாஸின் நாசோ நகரில் காம்பஸ் பாயிண்ட் ஸ்டுடியோவில் குழுவின் நால்வரும் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவும் கையில் பாட்டே இல்லாமல் வேலையை ஆரம்பித்தார்கள். நைஜீரிய இசைக்கலைஞர் ஃபேலா குட்டியின் ஆஃப்ரோபீட் இசை காதில் இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு சின்னத் துணுக்கை நிமிடக்கணக்கில் கையாலேயே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். திரும்பத் திரும்ப ஓடும் டேப் துண்டைத்தான் லூப் என்பார்கள்; இங்கே மனிதர்களே லூப்!

நாலுதட்டு:
கையால் வாசிப்பதில் ஒரு லாபம் உண்டு. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் நாலு தட்டு இரண்டு வினாடி. வினாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் அது 30 அங்குலம். லூப் செய்ய டேப்பை வெட்டி ஒட்டும்போது அரை அங்குலம் பிசகினால் 33 மில்லிவினாடி போச்சு. அதுவும் சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகும். பத்தாவது சுற்றில் டிரம்ஸும் கிட்டாரும் ஆளுக்கொரு திசையில் நிற்கும். ஆள் வாசித்தால் பக்கத்து ஆளைக் கேட்டுச் சரிசெய்துகொள்வார்.

மியூட்பட்டன்:
விஷயமே மிக்சிங் டெஸ்க்கில்தான் இருக்கிறது, அதாவது தனித்தனியாகப் பதிந்த டிராக்குகளைத் திறந்து மூடிக் கலக்கும் மேசையில். இந்த ஆல்பத்தில் பெரும்பாலும் கார்டு மாறாததால் பல்லவி வந்ததைக் காட்ட வேறு வழி கிடையாது. எல்லா டிராக்கும் கடைசிவரை ஓடும். எதை எப்போது மூடுவது, எதைத் திறப்பது என்பதுதான் பாட்டின் உருவம். வீட்டில் முயல்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடமும் இதுவே: 12 டிராக் வாசித்துவிட்டு 12-ஐயும் திறந்தே வைப்பார்கள். முதல் நிமிடத்துக்கு நாலைந்து போதும்.

நாலுதட்டு:
எல்லோரும் முதல் தட்டில் விழுந்தாலும் சேறுதான். இதே ஆல்பத்தின் ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ பாட்டில் பேஸ் கிட்டாரைக் கவனியுங்கள், டினா வேமத் விடும் இடைவெளிதான் பாட்டையே தள்ளிக்கொண்டு போகிறது. எடுப்பு தள்ளிப் பாடுவது (தாளத்தின் முதல் தட்டில் இல்லாமல் தள்ளித் தொடங்குவது) தெரிந்த காதுக்கு இது சட்டென்று பிடிபடும். பேஸ் துணுக்கில் மூன்று, நான்கு சுரத்துக்கு மேல் வேண்டாம், மீதி மௌனம்.

டேப்சுருள்:
குரல் பிறகுதான் வந்தது, நியூயார்க் சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில். குழுவின் பாடகர் டேவிட் பைர்ன் முதலில் அர்த்தமில்லாத அசைகளைப் பாடிப் பார்த்து, அந்த அசைக்கணக்குக்குள் சொல்லை உட்காரவைத்தார். வானொலிப் போதகர்களின் பேச்சு நடையும் உள்ளே வந்தது. அட்ரியன் பெலூவின் கிட்டார், நோனா ஹென்ட்ரிக்ஸின் குரல், ஜான் ஹாசெலின் டிரம்பெட் எல்லாம் அதற்கும் மேல் ஏறிய அடுக்குகள். வரிசையை மாற்றி, வரியை முதலில் எழுதினால் துணுக்குகள் வரிக்குப் பின்பாட்டாகிவிடும்.

மியூட்பட்டன்:
மேடையில் நாலு பேர் பத்தவில்லை. பெர்னி வொரல் கீபோர்டுக்கும் பஸ்டா ஜோன்ஸ் இரண்டாவது பேஸுக்கும் வந்தார்கள். இரண்டு பேஸ் வைக்கிறவர்களுக்கு: ஒன்று கீழ்த் தந்தியிலேயே இருக்கட்டும், மற்றது ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே, கட்டைவிரலால் தட்டி, சுருக்கமாக. இரண்டும் கீழே நீட்டினால் கிக் டிரம் காணாமல் போகும்.