நவம்பர் நடுவில் ஒரு வாரம்: வடகிழக்கில் கண்டதும் சந்தித்ததும்

கொள்ளிடக்கரை எழுதியது:

2022 நவம்பர் 11ஆம் தேதி சீர்காழியில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றிருந்த நிலையில், மூன்று மாதங்களுக்கு முன்பே எடுத்து வைத்திருந்த விமானச் சீட்டை வீணாக்க மனமில்லாமல், வீட்டையும் இரண்டு மாடுகளையும் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு, நானும் என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற தோழியும் சென்னைக்குப் பேருந்து ஏறினோம். 13ஆம் தேதி நண்பகலில் குவாஹாட்டியில் இறங்கியபோது வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை.

வடகிழக்குப் பருவமழையைப் பற்றி முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். அந்தப் பெயரிலுள்ள வடகிழக்கு காற்று வரும் திசையைக் குறிக்கிறதே தவிர, அசாமையோ மேகாலயாவையோ அன்று என்பதும், அங்கெல்லாம் தென்மேற்குப் பருவமழை அக்டோபர் நடுவிலேயே விடைபெற்றுவிடும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், சிரபுஞ்சிக்குப் போகிறோம் என்பதற்காகப் பெட்டியில் இரண்டு குடைகளையும் ஒரு மழைச்சட்டையையும் எடுத்து வைத்திருந்தேன். ஏழு நாட்களில் அவற்றுக்கு ஒரு வேலையும் வரவில்லை.

குவாஹாட்டியிலிருந்து ஷில்லாங் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். உமியம் ஏரியைக் கடந்ததும் காற்று மாறியது. குளிர் என்று சொல்ல முடியாது, அதிகாலையில் கொல்லைக் கதவைத் திறந்தால் முகத்தில் படுமே, அந்த அளவுதான். ஷில்லாங்கில் பகல் வெப்பம் இருபது டிகிரியை ஒட்டியும் இரவில் பத்தை ஒட்டியும் இருந்தது. வெயிலில் நின்றால் சால்வை வேண்டாம், மர நிழலுக்கு வந்தால் வேண்டும். நம் சங்கப் பாட்டுகளில் வரும் கூதிர்காலம் வாடைக்கும் தூறலுக்கும் உரியது. அதே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இங்கே கிடைத்த பொழுதுக்கு அந்தப் பெயர் சிறிதும் பொருந்தவில்லை.

மூன்றாம் நாள் சிரபுஞ்சிக்குப் போனோம். ஊர்க்காரர்கள் அதைச் சோஹ்ரா என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளர், அந்த மலைகளின் பழங்குடியான காஸி இனத்தைச் சேர்ந்த, ஐம்பது வயதைத் தாண்டிய அம்மையார். அங்கே அக்கா என்பதற்குக் கோங் என்று சொல்வார்கள். நான் அவரைக் கோங் என்றேன், அவரும் என்னைக் கோங் என்றே அழைத்தார். குளியலறையில் ஒரு பெரிய பீப்பாயும் மேலே கவிழ்த்த குவளையும் இருந்தன. மாலையில் அவர் வந்து, தயக்கத்தோடு, பாதி இந்தியும் பாதி ஆங்கிலமுமாக, தண்ணீரைக் கொஞ்சம் பார்த்துச் செலவழிக்க முடியுமா, அடுத்த மழை வரைக்கும் ஊற்று நீர்தான் என்று கேட்டார். உலகத்திலேயே மிகுதியாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, வெள்ளத்தில் கிடக்கும் ஊரிலிருந்து வந்த நான், குவளைக் கணக்கில் குளித்தேன்.

அன்றிரவு கைப்பேசியில் எங்கள் தெருப் படத்தைக் காட்டி, ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் பெய்தது என்று சொன்னேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று மட்டும் கேட்டார். அதே ஆண்டு ஜூன் 17ஆம் தேதிக் கணக்கின்படி சோஹ்ராவில் ஒரு நாளில் பெய்த மழை 97 சென்டிமீட்டர். பக்கத்திலுள்ள மௌசின்ராமில் 100 சென்டிமீட்டருக்கும் மேல். அப்போது இந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று நான் திருப்பிக் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார். தண்ணீர் இங்கே நிற்காது, கீழே போய்விடும் என்று தெற்கே கையைக் காட்டினார். மறுநாள் காலையில் அந்தத் திசையில் நடந்து பார்த்தபோதுதான் அவர் சொன்னது முழுவதும் விளங்கியது. ஊர் ஒரு மேட்டு நிலத்தின் விளிம்பில் இருக்கிறது. அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே மெல்லிய மண். பெய்வதெல்லாம் பிளவுகளிலும் குகைகளிலும் புகுந்தோ, விளிம்பிலிருந்து அருவிகளாகக் குதித்தோ வங்கதேசச் சமவெளிக்கு இறங்கிவிடுகிறது. 340 மீட்டர் உயரமுள்ள நோகலிகை அருவி, நாங்கள் பார்த்த அன்று, பாறையில் யாரோ நூல் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருந்தது.

இனி நான் செய்த தவறு. நோங்க்ரியாட்டிலுள்ள இரண்டடுக்கு வேர்ப்பாலத்தைப் பார்க்கத் தைர்னா என்ற சிற்றூரிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். தோழி முழங்கால் வலியைச் சொல்லித் தங்கிவிட்டார், புத்திசாலி. நான் காலை பதினொரு மணிக்கு இறங்கத் தொடங்கினேன். ரப்பர் ஆல மரத்தின் விழுதுகளை ஓடைக்கு மேலே திருப்பிவிட்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்து வளர்த்துப் பாலமாக்கியிருக்கிறார்கள். அதன்மேல் உட்கார்ந்திருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. திரும்பிப் புறப்படும்போது மணி மூன்று. இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடலாம், எப்படியும் ஐந்தேமுக்கால் வரை வெளிச்சம் இருக்கும் என்று நான் போட்ட கணக்கு சீர்காழிக் கணக்கு. மேகாலயாவில் நவம்பர் நடுவில் சூரியன் நாலரை மணிக்கு மறைந்துவிடுகிறது. பள்ளத்தாக்குக்குள் அதற்கும் முன்பே இருட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கைப்பேசி விளக்கில் ஒவ்வொரு படியாகத் தடவிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. எழுபது வயதிருக்கும் பெரியவர் ஒருவர், நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் தொங்கவிடும் கூம்புக் கூடையில் பிரிஞ்சி இலைக் கட்டுகளோடு ஏறி வந்தார். எங்களுக்குப் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. அவர் முன்னால் போகவும் இல்லை, பேசவும் இல்லை. எனக்கு நான்கு படி கீழே, நான் நின்றால் நின்று, ஏறினால் ஏறி வந்தார். பாதி வழியில் உட்கார்ந்தபோது இடுப்புப் பையிலிருந்து பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் எடுத்துக் கொடுத்தார். க்வாய் என்பார்கள், காஸி வீடுகளில் விருந்தினருக்கு முதலில் நீட்டுவது அதுதான். வெற்றிலை போடுவது எனக்குப் புதிதா என்ன, தஞ்சாவூர்ச் சீமைக்காரி என்ற நினைப்பில் அப்படியே வாயில் அடக்கினேன். அது ஈரப் பாக்கு. ஒரு நிமிடத்தில் காது மடல் சுட்டது, நெற்றி வியர்த்தது, அந்தக் குளிர்ந்த இருட்டில் சால்வையை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு மேலே கையைக் காட்டி, தம் வாயைத் தொட்டு, ஒரு விரலை நீட்டினார். காஸிகள் அந்தக் காலத்தில் நடை தூரத்தை மெல்லும் பாக்கைக் கொண்டு அளந்தார்கள் என்று எங்கோ படித்திருந்ததால், இன்னும் ஒரு வாய்ப்பாக்குத் தூரம் என்று புரிந்துகொண்டேன். வாயில் பாக்கு சக்கையானபோது தைர்னாவின் விளக்குகள் தெரிந்தன. நன்றிக்கு அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லான குப்ளே என்பதைச் சொன்னேன். அவரும் குப்ளே என்றார், விடைபெறுவதற்கும் அதே சொல்தானாம்.

குளிருக்குப் பயந்து கம்பளி வாங்கிப் போகிறவர்கள் இந்த வாரத்தில் பயப்பட வேண்டியது இருட்டுக்குத்தான். இந்தப் பருவத்தில் அந்தப் பக்கம் போனவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதினால் நன்றாக இருக்கும்.

தேயிலைக் கணக்கர் எழுதியது:

அம்மா, உங்களை ஏமாற்றியது சூரியன் அன்று, கடிகாரம். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அசாமின் திப்ருகர் பக்கத்தில் உண்மையான பொழுது அதைவிட ஐம்பது நிமிடம் முந்தி ஓடுகிறது. வெள்ளைக்காரத் தேயிலைத் தோட்ட முதலாளிகள் இதற்குக் கண்ட வழி, தோட்டத்துக்குள் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பது. பாகான் டைம், அதாவது தோட்ட நேரம், என்று பெயர். தொண்ணூறுகளில் நான் கணக்குப் பிள்ளையாக இருந்த தோட்டத்திலும் அதுதான் வழக்கம். எங்களுக்கு நவம்பரில் பொழுது சாய்வது கௌரவமாக ஐந்தரை மணிக்கு.

இதில் சிக்கல் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில், வங்கி வேலையாகக் குவாஹாட்டிக்குப் போய் இரண்டு நாள் தங்கித் திரும்பிய நான், கைக்கடிகாரத்தை மாற்ற மறந்து, ஆறு மணி ஆள் கணக்கெடுப்புக்குச் சரியாக ஆறு மணிக்குப் போய் நின்றேன். தோட்டத்தில் அப்போது ஏழு. கூடையோடு பெண்கள் கொழுந்து எடுக்கப் போய் வரிசை வரிசையாகப் புதருக்குள் நின்றுவிட்டிருந்தார்கள். பெரிய துரை ஒன்றும் சொல்லாமல் தம் கடிகாரத்தைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மாலையில் அதைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்றுபோல் நான் கூசிய நாள் என் வாழ்க்கையில் வேறில்லை.

நம் பஞ்சாங்கத்தில் ஹேமந்த ருது மார்கழியும் தையும். அசாமியருக்கு அது ஐப்பசியும் கார்த்திகையும். காதி, அஹோன் என்பார்கள். காதி மாதம் முழுக்க மாலையில் மூங்கில் கழியின் உச்சியில் ஆகாச விளக்கு ஏற்றுகிற வீடுகள் இருந்தன. அஹோன் பிறந்ததும் நெல் அறுப்பு. அறுத்த வயலில் மாலை நாலு மணிக்கு மூடுபனி கணுக்கால் உயரத்துக்குக் கிளம்பும், அதற்குமேல் ஏறாது. மாடுகள் கால் இல்லாமல் மிதந்து வருவதுபோல் வீடு திரும்பும்.

புள்ளினம் எழுதியது:

நான் போனது நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்துக்கு, 2017 நவம்பர் முதல் வாரத்தில். அமூர் வல்லூறுகளைப் பார்ப்பதுதான் நோக்கம். சைபீரியாவிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தென்னாப்பிரிக்கா வரை பறக்கும் இவை, நடுவில் டோயாங் நீர்த்தேக்கத்தை ஒட்டிய மரங்களில் இரண்டு மூன்று வாரங்கள் கூட்டம் கூட்டமாகத் தங்குகின்றன. பறவையின் எடை 150 கிராம் அளவுதான். அரபிக்கடலை நிற்காமல் கடக்க வேண்டும். அதற்குக் கொழுப்புச் சேர்க்கும் இடம் இது. உணவு பெரும்பாலும் ஈசல். நம் ஊரில் மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றுகிற அதே ஈசல், அங்கே இந்தத் தெளிந்த வெயில் நாட்களில் நிலத்திலிருந்து புகைபோல் எழுகிறது.

திமாப்பூரிலிருந்து சாலை மோசம். மாலை ஐந்து மணிக்குப் பாங்டி கிராமத்தருகே போய்ச் சேர்ந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. அங்கே சூரியன் நாலு இருபதுக்கே போய்விட்டது. இருட்டில், தலைக்கு மேலே எங்கிருந்தோ, ஆயிரக்கணக்கான சிறகுகள் கிளை மாற்றி உட்காரும் சலசலப்பு மட்டும் கேட்டது. கொள்ளிடக்கரை அம்மாவைப்போல் நானும் கணக்கில் கோட்டை விட்டவன்தான்.

மறுநாள் விடியலுக்கு முன்பே கிராமத்துக் காவலர் ஒருவர் அழைத்துப் போனார். வெயில் மரங்களைத் தொட்டதும் முதலில் பத்து, பிறகு நூறு, பிறகு எண்ண முடியாதபடி எழுந்து, கொதிக்கும் உலையில் அரிசி புரளுவதுபோல் வானம் முழுக்கச் சுழன்றன. 2012இல் இதே இடத்தில் வலை கட்டி லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டே கிராமசபைகள் தடை விதித்து வேட்டையை அடியோடு நிறுத்தின; அந்த நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி நாகா, பாங்டி, வோக்கா என்று பெயர் வைத்தார்கள். எங்களை அழைத்துப் போனவர் முன்பு மீனவர். வலை எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்குப் போகும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். நீங்களும் கட்டினீர்களா என்று நான் கேட்கவில்லை. அவராகவே உள்ளங்கைகளை விரித்துக் காட்டி, நன்றாகக் கட்டுவேன் என்றார்.

பழைய ஷில்லாங்வாசி எழுதியது:

என் கணவர் ராணுவத்தில் இருந்ததால் நான்கு ஆண்டுகள் ஷில்லாங்கில் இருந்தோம். நவம்பரில் அங்கே காட்டுச் செர்ரி பூக்கும். ஜப்பானில் வசந்தத்தில் பூப்பதாகச் சொல்வார்கள். இந்த மலைகளில் மற்ற மரங்கள் இலை உதிர்க்கிற நேரத்தில் இது இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும்.

எனக்கு அந்த மாதம் வேறொரு காரணத்துக்காக முக்கியம். சித்திரை, வைகாசியில் அங்கே மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் வடகம் போட முடியாது. மழையும் ஓய்ந்து, வெயிலும் காய்ந்து, குளிரும் முற்றாமல் இருப்பது நவம்பர் நடுவில் கிடைக்கும் பத்து நாட்கள்தான். வாசலில் பழைய வேட்டியை விரித்துக் கூழ் வடகம் இடுவேன். மூன்று மணிக்கு மேல் வெயிலுக்குச் சூடு இருக்காது. மூன்றரைக்குள் எடுத்து உள்ளே வைத்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக் காஸிச் சிறுமி பள்ளி விட்டு வருகிற நேரம் அது, வேட்டியின் மறு முனையை அவள்தான் பிடிப்பாள். ஒருமுறை காற்றில் செர்ரி இதழ்கள் உதிர்ந்து ஈர வடகத்தில் ஒட்டிக் காய்ந்துவிட்டன. பிய்த்தால் வடகம் உடைந்தது, அப்படியே டப்பாவில் போட்டு வைத்தேன். ஜனவரியில் அவள் வந்தபோது பொரித்தேன். எண்ணெயில் வடகம் வெள்ளையாக விரிய, இதழ் இருந்த இடம் மட்டும் பழுப்பாகச் சுருங்கியது. அவள் அந்த வடகங்களை மட்டும் பொறுக்கித் தின்றாள்.