ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறதென்றால், சமன்பாட்டின் கணக்கு ஏன் உதைக்கிறது?

தளிர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக ஒளிச்சேர்க்கைப் பாடத்தைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் படித்து வருகிறேன். இலை கார்பன் டைஆக்சைடை உள்வாங்கி, அதிலுள்ள கார்பனை வைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விட்டுவிடுகிறது என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன். வெளிவரும் ஆக்சிஜன் முழுவதும் நீரிலிருந்தே வருகிறது என்று இப்போதைய பாடநூல் உறுதியாகச் சொல்கிறது.

அதை ஏற்றுக்கொண்டு சமன்பாட்டைப் பார்த்த மகள் ஒரு கேள்வி கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. ஆறு மூலக்கூறு கார்பன் டைஆக்சைடும் ஆறு மூலக்கூறு நீரும் சேர்ந்து ஒரு மூலக்கூறு குளுக்கோசும் ஆறு மூலக்கூறு ஆக்சிஜனும் உண்டாகின்றன என்பது சமன்பாடு. ஆறு மூலக்கூறு ஆக்சிஜனில் 12 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன; ஆறு மூலக்கூறு நீரில் இருப்பவையோ 6 அணுக்கள்தாம். மீதி ஆறும் கார்பன் டைஆக்சைடிலிருந்து வந்தாக வேண்டும் அல்லவா? பாடநூல் சொல்வது சரியா, சமன்பாடு சரியா?

வேர்த்தூவி

இரண்டும் சரிதான். நீங்கள் எழுதியிருப்பது சுருக்கிய சமன்பாடு. இடப்பக்கம் 12 மூலக்கூறு நீரும், வலப்பக்கம் குளுக்கோசு, ஆக்சிஜன் ஆகியவற்றோடு 6 மூலக்கூறு நீரும் இருப்பதே முழுச் சமன்பாடு. இரு பக்கத்திலும் இருக்கும் ஆறு நீரை அடித்துவிட்டால் உங்கள் பாடநூலில் உள்ள வடிவம் கிடைக்கும். நிகரக் கணக்குக்கு அது போதும். ஆனால் எந்த அணு எங்கே போகிறது என்ற செய்தி அப்படி அடிக்கும்போதே மறைந்துவிடுகிறது. தங்கள் மகள் பிடித்திருப்பது அந்த இடத்தைத்தான். பாடநூல்கள் முழு வடிவத்தையே முதலில் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நீரே ஆக்சிஜனின் மூலம் என்ற எண்ணம் பச்சை இலைகளை ஆராய்ந்ததால் மட்டும் பிறந்ததன்று. 1930-களில் வான் நீல் என்ற நுண்ணுயிரியலாளர், ஊதா நிறக் கந்தக பாக்டீரியாக்களை ஆராய்ந்துவந்தார். அவை ஒளியைக் கொண்டு கார்பன் டைஆக்சைடிலிருந்து உணவு தயாரிக்கின்றன. ஆயினும் ஆக்சிஜனை வெளியிடுவதில்லை. நீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்பைடைப் பயன்படுத்தும் அவற்றிடமிருந்து கந்தகமே வெளிப்படுகிறது. ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கப்பட்டுக் கந்தகம் எஞ்சுகிறதென்றால், தாவரங்களில் நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கப்பட்டு ஆக்சிஜன் எஞ்ச வேண்டும் என்று அவர் வாதிட்டார். ஒரு பாக்டீரியாவைப் பார்த்து இலையைப் பற்றிச் சரியாக ஊகித்த இந்தத் துணிவு என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

நுண்ணோக்கி

வேர்த்தூவி சொன்னது ஊகம். அதற்கான சான்றுகளை நான் சேர்க்கிறேன். 1941-இல் சாமுவேல் ரூபனும் மார்ட்டின் கேமனும் அவர்களுடன் பணியாற்றியவர்களும், ஆக்சிஜன்-18 என்ற கனமான ஐசோடோப்பு கலந்த நீரைக் குளோரெல்லா என்னும் பச்சைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளிவந்த வாயுவில் கன ஆக்சிஜனின் விகிதம் நீரில் இருந்த விகிதத்தோடு ஒத்திருந்தது. இதையே பலரும் முடிவான சான்றாகக் குறிப்பிடுவார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நீரில் கரைந்த கார்பன் டைஆக்சைடு பைகார்பனேட்டாக மாறி மாறித் திரும்பும்போது நீரோடு தன் ஆக்சிஜன் அணுக்களைப் பரிமாறிக்கொள்கிறது. செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி இப்பரிமாற்றத்தை மேலும் விரைவாக்குகிறது. எனவே நேரம் செல்லச் செல்ல இரண்டிலும் உள்ள அடையாள அணுக்கள் கலந்துவிடும்.

அதனால் ராபின் ஹில் 1937-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் நான் வலுவானதாகக் கருதுகிறேன். இலையிலிருந்து, ஒளிச்சேர்க்கை நடக்கும் உறுப்புகளான பசுங்கணிகங்களைப் பிரித்தெடுத்து, எலக்ட்ரானை ஏற்றுக்கொள்ளக்கூடிய இரும்பு உப்பைச் சேர்த்து ஒளியூட்டியபோது, கார்பன் டைஆக்சைடு சர்க்கரையாக மாறாமலேயே ஆக்சிஜன் வெளிவந்தது. ஆக்சிஜன் வெளியாவதும் சர்க்கரை உண்டாவதும் தனித்தனியாகப் பிரிக்கக்கூடிய இரு வேலைகள் என்பது அதனால் தெளிவாயிற்று.

நீர் உடையும் இடம், பசுங்கணிகத்துக்குள் தைலக்காய்டு எனப்படும் தட்டையான பைகளின் சவ்வில் பதிந்திருக்கும் ஒளி அமைப்பு 2 என்ற புரதத் தொகுதியாகும். அதிலுள்ள பச்சையம் ஒளியை ஏற்று ஓர் எலக்ட்ரானை இழந்ததும், உயிரினங்களில் நாம் அறிந்தவற்றுள் மிக வலிமையான ஆக்சிஜனேற்றியாக மாறி, தன் இழப்பை ஈடுசெய்ய அருகிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கிறது. அப்படிப் பறிகொடுப்பது நான்கு மாங்கனீசு அணுக்களும் ஒரு கால்சியம் அணுவும் ஐந்து ஆக்சிஜன் அணுக்களால் பிணைக்கப்பட்ட ஒரு சிறு கொத்து. அதன் வடிவத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் முறையில் 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் கண்டார்கள். கொத்திலிருந்து நான்கு எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகப் போன பிறகே, இரண்டு நீர் மூலக்கூறுகளிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு விடுபடுகிறது.

இந்த நான்கு என்ற எண்ணைக் கண்ணால் காணாமலேயே கண்டுபிடித்தார்கள் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருளில் வைத்திருந்த பசுங்கணிகங்களுக்கு மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்த பியர் ஜோலியோ, மூன்றாம் துடிப்பில் ஆக்சிஜன் மிகுதியாக வெளிவருவதையும், பின்னர் நான்கு துடிப்புகளுக்கு ஒருமுறை அந்த உச்சம் திரும்புவதையும் 1969-இல் கண்டார். கொத்து இருளில் ஓய்ந்திருக்கும்போதே பெரும்பாலும் ஒரு படி முன்னேறிய நிலையில் இருக்கிறது. அதனால்தான் முதல் உச்சம் நான்காவதில் வராமல் மூன்றாவதிலேயே வந்துவிடுகிறது என்று பெசல் கோக் அடுத்த ஆண்டு விளக்கினார்.

தளிர்

இருவருக்கும் மிக்க நன்றி. இடப்பக்கத்து 12 நீர் இப்போது தெளிவாகிவிட்டது. ஆனால் வலப்பக்கத்தில் புதிதாகத் தோன்றும் 6 நீர் எங்கே, எந்த வினையில் உண்டாகிறது? கார்பன் டைஆக்சைடைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சியின் படத்தை எவ்வளவு தேடியும் நீர் வெளியேறும் அம்புக்குறி ஒன்றுகூடத் தென்படவில்லை.

இலைத்துளை

அந்த நீர் இருள் வினையில், அதாவது இரவில் கால்வின் சுழற்சி நடக்கும்போது உண்டாகிறது என்று நினைக்கிறேன்.

பசுங்கணிகம்

நண்பர் இலைத்துளை அவர்களே, இருள் வினை என்ற பெயர் பலரையும் இப்படித் தவறாக நினைக்க வைக்கிறது. கால்வின் சுழற்சிக்கு ஒளி நேரடியாகத் தேவையில்லை என்பதே அப்பெயரின் பொருள். பொதுவாக அது பகலில்தான் நடைபெறுகிறது. அதற்கு வேண்டிய ஆற்றலைத் தரும் ஏ.டி.பி.யும் (அடினோசின் டிரைபாஸ்பேட்) எலக்ட்ரான்களைத் தரும் என்.ஏ.டி.பி.எச்.சும் ஒளி வினையிலிருந்தே வருகின்றன என்பதோடு, அதன் முக்கிய நொதிகள் சிலவும் ஒளி பட்ட பிறகே முழுமையாகச் செயல்படத் தொடங்குகின்றன.

தளிர் அவர்களே, படத்தில் அந்த அம்புக்குறியை நீங்கள் காணாததில் வியப்பில்லை. கால்வின் சுழற்சி மொத்தத்தில் நீரை வெளியிடுவதில்லை, மாறாகச் செலவழிக்கிறது. ஆறு கார்பன் டைஆக்சைடை ஒரு குளுக்கோசாக மாற்றுவதற்கு 18 ஏ.டி.பி.யும் 12 என்.ஏ.டி.பி.எச்.சும் தேவைப்படுகின்றன. அந்தப் பாதையில் ரூபிஸ்கோ நொதி கார்பன் டைஆக்சைடைச் சேர்க்கும் படியில் 6 மூலக்கூறு நீரும், சர்க்கரைகளிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் படிகளில் 6 மூலக்கூறு நீரும் ஆக 12 செலவாகின்றன. இனி மறுபக்கத்தைப் பாருங்கள். தைலக்காய்டில், ஏ.டி.பி.யைவிட ஒரு பாஸ்பேட் குறைந்த அடினோசின் டைபாஸ்பேட்டுடன் பாஸ்பேட் ஒன்று இணைந்து ஏ.டி.பி. உண்டாகிறது. அவ்வாறு இணையும் ஒவ்வொரு முறையும் ஒரு மூலக்கூறு நீர் வெளிவருகிறது. 18 முறை இணையும்போது 18 நீர் கிடைக்கிறது. அதில் 12 செலவானது போக எஞ்சும் ஆறுதான் நீங்கள் தேடும் ஆறு.

கார்பன் டைஆக்சைடின் 12 ஆக்சிஜன் அணுக்களில் ஆறுக்கு ஈடானவை சர்க்கரையில் தங்கிவிடுகின்றன. மற்றவை போகும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்தமான பகுதி. ரூபிஸ்கோவின் வினையில் உண்டாகும் பாஸ்போகிளிசரிக் அமிலத்தின் அமிலத் தொகுதியில் பாஸ்பேட் ஒன்று முதலில் ஒட்டுகிறது. பின்னர் அது என்.ஏ.டி.பி.எச்.சால் ஒடுக்கப்படும் (எலக்ட்ரான்களைப் பெறும்) படியில், அந்தப் பாஸ்பேட் கழன்று போகும்போது அமிலத் தொகுதியின் ஓர் ஆக்சிஜன் அணுவையும் தன்னோடு எடுத்துச் செல்கிறது. அந்தப் பாஸ்பேட் தைலக்காய்டுக்குத் திரும்பி மறுபடியும் ஏ.டி.பி.யாக இணையும்போது வெளியேறும் நீரின் ஆக்சிஜன், பாஸ்பேட்டிடமிருந்தே வருகிறது. ஆக, காற்றிலிருந்து இலைக்குள் நுழைந்த ஆக்சிஜன் அணு, பாஸ்பேட்டில் ஏறிச் சென்று நீராக இறங்குகிறது.

தனிக் குளுக்கோசு என்பது கணக்கு எளிதாக இருப்பதற்காகச் சமன்பாட்டில் வைக்கப்பட்டது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். பசுங்கணிகத்திலிருந்து வெளியேறுவது பெரும்பாலும் மூன்று கார்பன் கொண்ட சர்க்கரைப் பாஸ்பேட்டுகள். அவை செல்லின் சைட்டோபிளாசத்தில் சுக்ரோசாகின்றன, உள்ளேயே தங்குபவை ஸ்டார்ச்சாகச் சேர்கின்றன.