டெஸ் சுமந்த பாவம் யாருடையது?

ஆலமரநிழல்:
இப்போது வரும் காதல் நாவல்களில் ஒரு பொய் என்னை உறுத்துகிறது. ஞாயிறு ஆராதனை தவறாதவள் என்றுதான் நாயகியை அறிமுகப்படுத்துகிறார்கள். திருமணத்துக்கு முன்பே காதலனோடு இரவைக் கழிக்கிறாள். மறுநாள் மனதில் ஒரு கீறல்கூட இல்லை. ஆலயத்தில் வளர்ந்தவள் நான். அவள் அழுது புரள வேண்டாம், ஜெபிக்க உட்காரும்போது வார்த்தை தடுமாறாதா? தாமஸ் ஹார்டி 1891இல் எழுதிய 'டெஸ்' நாவலில் அந்தத் தடுமாற்றம் இருக்கிறது.

நெய்தல்:
அக்கா, அந்த நாவலின் நாயகி டெஸ்ஸை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காட்டில் உறங்கிக்கொண்டிருந்தவளிடம் அத்துமீறினான் அலெக் என்ற பணக்கார இளைஞன். அது அவள் பாவமா?

வீடு திரும்பும் வழியில் ஒருவன் சிவப்புச் சாயத்தால் வேலிப்படிப் பலகையில் வசனம் எழுதுகிறான், ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் ஒரு காற்புள்ளி வைத்து. அழிவு உறங்காது என்கிற வசனம். தான் தேடிப்போகாத பாவமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறாள். அவனிடம் பதில் இல்லை. அது 2 பேதுரு 2:3. வேதாகமத்தைத் திறந்து பாருங்கள், அந்த அதிகாரம் கள்ளப்போதகர்களைப் பற்றியது! அதைப் படித்து இந்தப் பெண் கூனிக் குறுகுகிறாள். நீங்கள் கேட்கும் குற்ற உணர்வு இப்படித்தான் வெளியிலிருந்து ஏற்றப்படுகிறது.

ஆலமரநிழல்:
வசனத்தைப் பற்றி நீ சொன்னது சரி தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளுடைய விசுவாசம் யாரும் ஏற்றியதல்ல. அலெக்கால் பிறந்த குழந்தை சாகக் கிடக்கும் இரவில் தம்பி தங்கைகளை எழுப்பி மண்டியிட வைக்கிறாள். தங்கை ஜெபப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருக்க, முகம் கழுவும் தொட்டித் தண்ணீரில் தானே ஞானஸ்நானம் கொடுக்கிறாள். குழந்தைக்கு 'துயரம்' என்று பெயரிடுகிறாள். பயம் மட்டும் இருந்தால் இந்தத் துணிச்சல் வருமா? அந்த ஆழத்தைத்தான் இன்றைய கதைகளில் தேடுகிறேன்.

மேலவீதி:
அந்தக் காட்சியை நாவலைத் தொடராகப் படித்த வாசகர்கள் அதில் பார்க்கவே இல்லை. 'கிராஃபிக்' வார இதழில் தொடராக வந்தபோது அதை நீக்கிவிட்டு, அலெக்கின் அத்துமீறலுக்குப் பதிலாக ஒரு போலித் திருமணத்தை வைத்தார் ஹார்டி. டெஸ்ஸைப் பின்னால் மணக்கும் ஏஞ்சல், பால்காரப் பெண்களைத் தண்ணீர் தேங்கிய பாதையில் கைகளில் தூக்கிச் செல்வதுகூட ஆகாது என்று, அவர்களை ஏற்றிச் செல்ல ஒரு தள்ளுவண்டி வந்தது!

எனக்கு ஆறாத இடம் திருமண இரவு. குருவானவரின் மகன் ஏஞ்சல், லண்டனில் ஒரு பெண்ணோடு 48 மணி நேரம் கழித்ததைச் சொல்கிறான். டெஸ் உடனே மன்னிக்கிறாள். அவள் தன் கதையைச் சொன்னதும் அவன் கல்லாகிவிடுகிறான். அக்கா, உங்கள் நாயகியின் ஜெபம் தடுமாறட்டும். நாயகனுக்கு ஏன் தடுமாறுவதே இல்லை?

ஆலமரநிழல்:
அவனுக்கும் தடுமாற வேண்டும். முதலில் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும், நாயகியை மட்டும் கேட்டது என் தவறு. ஆனால் இருவருக்கும் வேண்டாம் என்று நெய்தல் சொன்னால் ஏற்கமாட்டேன்.

நெய்தல்:
வேண்டாம் என்றுதான் சொல்கிறேன் அக்கா. டெஸ் கொடுத்த ஞானஸ்நானம் செல்லும் என்று வாயால் சொன்ன ஊர்க் குருவானவர், குழந்தையை முறைப்படி அடக்கம் செய்ய மறுத்துவிட்டார். கல்லறை வெட்டுபவனுக்கு ஒரு ஷில்லிங்கும் பீரும் கொடுத்து, லாந்தர் வெளிச்சத்தில், காஞ்சொறி மண்டிய மூலையில் புதைத்தார்கள். இரண்டு குச்சிகளைச் சேர்த்துச் சிலுவை கட்டி, காலி மார்மலேட் ஜாடியில் பூ வைத்தவள் டெஸ்தான்.