பெயின்ட் பூத்தில் கிளியர் அடித்த நாள்களில் மட்டும் இரவு இருமல்: எதைச் சரிபார்ப்பது?

காவிரிக்கரைப் பட்டறை, ஈரோடு

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக டிங்கரிங், பெயின்டிங் பட்டறை நடத்தி வருகிறேன். கொட்டகையில் வைத்துப் பெயின்ட் அடித்துவந்த நாங்கள், மேலிருந்து காற்று இறங்கித் தரைக்கடியில் வெளியேறும் வகைப் பூத் (வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) ஒன்றைச் சென்ற ஆண்டு பழையதாக வாங்கிப் பொருத்தினோம். டீசல் பர்னர் வைத்தது. 60 டிகிரி செல்சியஸில் பேக்கிங் (அடித்த பெயின்டைச் சூட்டில் காயவைப்பது) செய்கிறோம். முதல் சில மாதங்கள் குறையின்றி ஓடியது. இடையில் எக்ஸாஸ்ட் (காற்றை வெளியேற்றும்) மோட்டார் எரிந்துபோய், காயில் (உள்ளே உள்ள கம்பிச் சுருள்) கட்டி மறுபடி மாட்டினோம். இப்போது கிளியர் (கலரின் மேல் பளபளப்புக்காக அடிக்கும் நிறமற்ற பூச்சு) அடிக்கும்போது ஓவர்ஸ்ப்ரே (வண்டியில் படாமல் பறக்கும் துளிகள்) மூடுபனி போல உள்ளேயே நின்று, பானெட்டின் மேல் சொரசொரப்பாகப் படிகிறது.

அதைவிட என்னை உறுத்துவது வேறு. எங்கள் மூத்த பெயின்டர், கிளியர் அடித்த நாள்களில் நள்ளிரவில் இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவதாக அவருடைய மனைவி சொன்னார். ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்த ஒரு வாரம் முழுவதும் இருமல் இல்லையாம். இருபுறமும் கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் அணிந்துதான் வேலை செய்கிறார். தின்னர் வாசனையே வருவதில்லை என்பதால் மாஸ்க் சரியாக இருக்கிறது என்கிறார். தரை ஃபில்டரை மாற்றினால் போதுமா? வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஓய்வுபெற்ற தொழிலகப் பாதுகாப்பு அலுவலர், திருவள்ளூர்

ஐயா, பூத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தப் பெயின்டரைக் கவனியுங்கள். வேலைக்கு வந்த நாளின் இரவில் தொடங்கி, விடுமுறையில் விலகிவிடும் இருமலைத் தொழிலால் வந்த ஆஸ்துமாவாக இருக்குமோ என்று ஐயுறுவதே முறை. 2கே (இரண்டு பொருள்களைக் கலந்து அடிக்கும்) கிளியரோடு நீங்கள் கலக்கும் ஹார்டனரில் (பூச்சை இறுகவைக்கும் திரவம்) ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உள்ளது. அதன் நுண்துளிகளைச் சுவாசித்துவரும் ஒருவருக்கு ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால், அதன்பின் மிகச் சிறிய அளவுகூட மூச்சை இறுக்கும். அந்த இறுக்கம் உடனே வராமல், பல மணிநேரம் கழித்து இரவில் வருவதும் உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் வரிசையில் ஐசோசயனேட் நச்சு இடம்பெற்றிருந்தது என்பதிலிருந்தே இதன் கடுமையை அறியலாம்.

வாசனை வரவில்லை என்று அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். மூக்கு உணர்வது தின்னரை மட்டுமே. ஐசோசயனேட் தீங்கு செய்யும் அளவில் காற்றில் இருந்தாலும் மணம் தெரியாது. ஆகவே கரி ஃபில்டர் தீர்ந்துபோனதையோ, தாடியால் மாஸ்க் முகத்தில் ஒட்டாமல் நிற்பதையோ அவர் அறிய வழியே இல்லை. 2கே அடிப்பவருக்கு வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும், முகம் முழுவதையும் மறைக்கும் மாஸ்க்தான் வேண்டும். அந்தக் காற்றைத் தரும் கம்ப்ரஸர் வண்டிப் புகை, பர்னர் புகை எதுவும் எட்டாத இடத்திலிருந்து காற்றை இழுக்க வேண்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடைச் சாதாரணக் கரி ஃபில்டர் பிடிக்காது என்பதால் இதில் சமாதானம் செய்துகொள்ள இடமில்லை.

அவரை நெஞ்சக மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஹார்டனர் டப்பாவுக்குரிய பாதுகாப்புத் தகவல் தாளை விற்பனையாளரிடம் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். 'பெயின்ட் வேலை' என்று மட்டும் சொன்னால் மருத்துவர் பொதுவான இருமலுக்கு மருந்து தந்து அனுப்பிவிடக் கூடும். வேலை நாள்களிலும் விடுமுறை நாள்களிலும் மூச்சை ஊதி அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய சோதனை உண்டு, அதைக் கேளுங்கள். முடிவு தெரியும்வரை அவர் பூத்துக்குள் போகவே வேண்டாம்.

பூத் பொருத்துநர், சென்னை

நான் பூத்துகளைப் பொருத்திப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: எக்ஸாஸ்ட் மோட்டாருக்குக் காயில் கட்டி மாட்டியது. மூன்று பேஸ் மோட்டாரில் இரண்டு ஒயர்கள் இடம் மாறினால் அது எதிர்த்திசையில் சுற்றும். பூத்துகளில் உள்ள பீப்பாய் வடிவ புளோயர் எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்று அதே வழியில்தான் போகும். ஆனால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். கையை வைத்துப் பார்ப்பவருக்குக் காற்று வருவதாகவே தோன்றும் என்பதால் பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். புளோயர் கூட்டின் மேல் உள்ள அம்புக்குறியோடு சுற்றும் திசையை ஒப்பிடுங்கள். கையோடு பெல்ட் தளர்ச்சியையும், இறக்கைகளில் பெயின்ட் கட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்ட பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

வெளியேற்றம் குறைந்து, மேலிருந்து வரும் காற்று மட்டும் அதே அளவில் இருந்தால் பூத்துக்குள் அழுத்தம் கூடி, கதவிடுக்கு வழியே நுண்துளிகள் பட்டறைக்குள் கசியும். அப்போது புட்டி பூசிக்கொண்டிருக்கும் பையனும் மாஸ்க் இல்லாமல் அதையே சுவாசிப்பான். தூசி நுழையாமலிருக்க உள்ளே அழுத்தம் கூடுதலாக வேண்டும் என்று பெயின்டர்கள் கேட்பார்கள். 2கே அடிக்கும் பூத்தில் வெளியை விடச் சற்றே குறைந்த அழுத்தம் வைப்பதே பாதுகாப்பு.

அடுத்து ஒரு புகைச் சோதனை செய்யுங்கள். மேடை நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்குத் தரும் புகை எந்திரம் போதும். அது சூடாகும் கருவி என்பதால், பெயின்ட், தின்னர் அனைத்தையும் அகற்றி, பூத்தை நன்றாக ஓடவிட்டு ஆவி போன பிறகே உள்ளே வையுங்கள். ஃபேனை நிறுத்திப் புகையை நிரப்புங்கள். எந்திரத்தை அணைத்துவிட்டு, ஃபேனைப் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் கடைசிப் புகையும் மறையும்வரை நேரத்தைக் குறியுங்கள். கிளியர் அடித்து முடித்த பிறகும் அத்தனை நிமிடங்கள் மாஸ்க்கைக் கழற்றக் கூடாது. நல்ல பூத்தில் இது ஐந்து நிமிடத்துக்குள் முடியும். ஸ்ப்ரே கன்னை இறக்கியதும் முகமூடியைத் தூக்கிப் பளபளப்பைப் பார்ப்பது பெயின்டர்களின் பழக்கம். நுண்துளிகள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் நிற்கும் நேரம் அதுதான்.

ஃபில்டரை நாள் கணக்கில் மாற்றாதீர்கள். புதிய ஃபில்டர் போட்ட அன்று மானோமீட்டர் (காற்றழுத்த வேறுபாட்டைக் காட்டும் கருவி) காட்டும் அளவைச் சுவரில் எழுதிவைத்து, தயாரிப்பாளர் சொன்ன எல்லையை எட்டியதும் மாற்றுங்கள். பர்னரின் வெப்பப் பரிமாற்றியில் விரிசல் இருந்தால் டீசல் புகை நேராகப் பூத்துக்குள் வரும். பழையதாக வாங்கியது என்பதால் அதையும் சோதியுங்கள்.

முப்பதாண்டுப் பெயின்டர், கோவை

தம்பி, நெருப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். கழற்றிய ஃபில்டரை மூலையில் குவித்துவைக்காதீர்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டும் வேறு வகைப் பெயின்டும் கலந்து படிந்த ஃபில்டர் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நான் முன்பு வேலைபார்த்த ஒரு பட்டறையில் விடியற்காலையில் அப்படித்தான் புகை கிளம்பியது. தண்ணீர் ஊற்றிய, மூடி உள்ள இரும்பு டிரம்மில் உடனே போட்டுவிடுங்கள். அதைக் குப்பை வண்டியில் ஏற்றக் கூடாது. 2016ஆம் ஆண்டு அபாயகரமான கழிவு மேலாண்மை விதிகளின்படி அபாயகரமான கழிவாகவே அகற்ற வேண்டும். தரைக்குழியில் கட்டிய பெயின்டை இரும்புத் தகட்டால் சுரண்டினால் பொறி பறக்கும்; பித்தளைச் சுரண்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

டொலுவீன் கலந்த தின்னரின் ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு ஊர்ந்து குழியில் தங்கும். டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும் என்றால் நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். டயரில் நிற்கும் வண்டிக்குத் தரையோடு தொடர்பு இல்லாததால், துடைக்கும்போது ஏறும் மின்னூட்டம் இறங்க இடமின்றி நிற்கும். கிளிப் போட்டு எர்த் கொடுத்த பிறகே துடைக்கத் தொடங்குங்கள். அடித்து முடித்ததும் பர்னரைப் போடாதீர்கள். ஃபேன் மட்டும் குறைந்தது மூன்று நிமிடம் ஓடி ஆவியை வெளியேற்றட்டும். ஃபேன் ஓடாவிட்டால் கன்னுக்குக் காற்றே வராதபடி ஒரு சோலினாய்டு வால்வை (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) இணைத்துவிட்டால், மறதிக்கும் இடம் இருக்காது.

காவிரிக்கரைப் பட்டறை, ஈரோடு

மூவருக்கும் மிக்க நன்றி. மோட்டார் எதிர்த்திசையில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒயர் மாற்றுவதற்கு முன் புகை மறைய 14 நிமிடம் ஆனது. எலக்ட்ரீஷியன் ஒயரை மாற்றி, தரை ஃபில்டரும் புதிதாகப் போட்ட பிறகு நான்கரை நிமிடம். 'ஐந்து நிமிடம்' என்று கதவில் எழுதி, பக்கத்தில் கடிகாரம் மாட்டியிருக்கிறேன். காற்றுக் குழாய் மாஸ்க்குக்குச் சொல்லியாகிவிட்டது. அது வரும்வரை 2கே வேலை எடுக்கவில்லை. பெயின்டரை வியாழக்கிழமை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். சம்பளம் குறைந்துவிடுமோ என்று அவர் பயந்தார். குறையாது என்று சொல்லி, இப்போதைக்கு மாஸ்கிங் (பெயின்ட் படக் கூடாத இடங்களை மூடி ஒட்டும்) வேலையிலும் கலர் கலக்கும் வேலையிலும் வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தொழிலகப் பாதுகாப்பு அலுவலர், திருவள்ளூர்

மாஸ்கிங் சரி. கலக்கும் இடத்தில் ஹார்டனர் டப்பா திறந்திருக்கும், அங்கே வேண்டாம். கன் கழுவும் வேலையையும், முழுதாகக் காயாத 2கே பரப்பைத் தேய்க்கும் வேலையையும் அவரிடம் கொடுக்காதீர்கள். மருத்துவர் சொன்னதை வந்து எழுதுங்கள்; சோதனையில் ஆஸ்துமா என்று உறுதியானால் அடுத்து என்ன செய்வது என்பதைப் பேசலாம்.