விலை குறைந்த டயரைப் போட்டுக்கொண்டு பந்தயத் தளத்தில் இறங்கலாமா?

உச்சிப்புளி வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 200 சிசி வண்டி. முன்னே 100/80-17, பின்னே 130/70-17 என்ற அளவில் வண்டியோடு வந்த டயர்களே இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பொங்கல் முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் பயிற்சி நாள் ஒன்றில் கலந்துகொள்ள விரும்புகிறேன். போட்டியில் ஓடும் எண்ணம் இல்லை. வளைவில் வண்டியைச் சாய்த்து ஓட்டுவதை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

பின் டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகிவிட்டதால் எப்படியும் மாற்றியாக வேண்டும். இங்கே கடைகளில் கிடைக்கும் சாதாரண உள்நாட்டு ஜோடியைப் போல, மென்மையான கம்பவுண்டு (ரப்பர் கலவை) கொண்ட ரேடியல் (உள் இழைகள் சாய்வாகக் குறுக்கிடாமல் நேராக ஓடும் வகை) ஜோடி ஏறக்குறைய இரு மடங்கு விலை சொல்கிறார்கள். தளக் கட்டணம், தோல் உடை வாடகை, பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த விலை எனக்கு எட்டாது. தொடக்கநிலை ஓட்டுநருக்கு விலை குறைந்த டயர் போதுமா, அல்லது பணம் சேரும்வரை காத்திருப்பதுதான் நல்லதா? வண்டியை இங்கிருந்து ஓட்டிக்கொண்டு போய், அதே டயரில் திரும்பி வரவேண்டும் என்பதையும் கணக்கில் கொண்டு சொல்லுங்கள்.

மண்டபத்திலிருந்து ஒரு பதில்:

தம்பிக்கு வணக்கம். முதல் பயிற்சி நாளுக்குச் சாதாரண டயர் போதும் என்பதே என் கருத்து. ஆனால் அது புதியதாகவும், வண்டி நிறுவனம் குறித்த அளவிலும், முன்னும் பின்னும் ஒரே வகையாகவும் இருக்க வேண்டும்.

உங்கள் பின் டயரின் பக்கச் சுவரில் 61P என்பது போன்ற குறி இருக்கும். 61 என்பது டயர் அதிகபட்சம் தாங்கும் 257 கிலோ எடையையும், P என்பது அதற்கு அனுமதிக்கப்பட்ட மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தையும் குறிக்கும். S என்றால் 180, H என்றால் 210. இருநூறு சிசி வண்டி நேர்ப்பாதையின் முடிவில்கூட 150-ஐ எட்டுவது அரிது என்பதால் இந்த எழுத்தைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. அதேபோல, H என்று போட்டிருப்பதால் சாய்வில் பிடிப்பு அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். பிடிப்பைப் பற்றி அந்த எழுத்து எதுவும் சொல்வதில்லை.

வேறுபாடு தெரிவது வெப்பத்தில்தான். அன்றாட ஓட்டத்துக்கான டயர் பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்க வேண்டும் என்பதற்காக அதன் ரப்பர் கடினமாகக் கலக்கப்படுகிறது. உள்ளே நைலான் இழை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கிட்டுக் கிடக்கின்றன. சக்கரம் உருளும்போது பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்வதால் அந்த அடுக்குகளில் சூடு பிறக்கிறது. சாலையில் எப்போதாவது வரும் கடும் பிரேக்கும் வளைவும் தளத்தில் ஓயாமல் வருவதால், பிறந்த சூடு வெளியேற இடைவெளி கிடைப்பதில்லை. சில சுற்றுகளுக்குப் பிறகு ரப்பர் வழுவழுத்து, வளைவிலிருந்து வெளியேறும்போது பின் சக்கரம் மெல்ல ஒதுங்குவதை இருக்கையிலேயே உணர்வீர்கள். உணர்ந்ததும் வேகத்தைத் தணித்து ஒரு சுற்று நிதானமாக வந்துவிட்டு வெளியேறிவிடுங்கள். உண்மையைச் சொன்னால், 15 அல்லது 20 நிமிட அமர்வுகளில் புதியவர்கள் அந்த எல்லையின் பக்கமே போவதில்லை. டயருக்கு முன்னால் மனம் பயந்து ஆக்சிலேட்டரை விட்டுவிடும்.

தேசியப் பந்தயங்களிலேயே எம்ஆர்எஃப் ஓடுகிறதே என்று சிலர் வாதிடுவார்கள். ஓடுகிறது, ஆனால் பந்தயத்துக்கென்று தனிக் கலவையில் செய்யப்படும் டயர் வேறு, கடையில் நமக்குக் கிடைக்கும் டயர் வேறு.

ராமநாதபுரம் டயர் கடைக்காரர்:

விற்பவன் சொல்கிறான் என்று தள்ளிவிடாமல் கேளுங்கள். விலையைவிட டயரின் நிலைதான் என்னைக் கவலைப்படுத்துகிறது, ஏனென்றால் நம் கடற்கரை டயரைக் கெடுக்கும் விதமே தனி. இங்கிருந்து மண்டபம் வரை சாலை பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் என் கடைக்கு வரும் பின் டயர்களில் நடுப்பகுதி பலகை போலத் தேய்ந்திருக்கும், ஓரங்களிலோ முதல் நாள் பளபளப்பு அப்படியே இருக்கும். அப்படிப்பட்ட டயரைச் சாய்த்தால் தட்டையின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் வண்டி சட்டென்று விழுவது போல் ஆகும். சாலையில் அது வெறும் தொல்லை. தளத்தில் அதுவே வண்டியைக் கீழே தள்ளிவிடும். எனவே தேய்ந்த இப்போதைய டயரோடு போகவே போகாதீர்கள்.

வெயிலில் நாள் முழுதும் நிற்கும் வண்டிகளின் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் வரும். உப்புக் காற்றில் அலாய் ரிம்மின் விளிம்பு அரித்து, ட்யூப்லெஸ் டயர் உட்காரும் இடத்தில் காற்று கசியும். புது டயர் மாட்டும்போது அந்த விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். சின்ன ஊர்க் கடைகளில் அதிகம் விலைபோகாத அளவுகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் என்பதால் தயாரிப்புக் குறியையும் பாருங்கள்: நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். புதிய விலை கொடுத்துப் பழைய சரக்கை வாங்க வேண்டியதில்லை. மதுரைக்கு அருகே வெள்ளரிப்பட்டியிலேயே டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் தொழிற்சாலை இருக்கும்போது புதுத் தேதி கேட்டு வரவழைப்பது கடினமும் இல்லை.

கீழக்கரை வாசகர்:

மண்டபத்து அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. தொடக்கநிலை ஓட்டுநர் மெதுவாகத்தான் போவார் என்பது காலையில் உண்மை. மதியத்துக்குமேல் தைரியம் வந்தபின் அது உண்மையாக இருப்பதில்லை. தளமும் அப்போதுதான் கொதிக்கும். களைப்பும் சூடும் ஒன்றாகச் சேரும் கடைசி அமர்வைத் தவிர்ப்பதாக இருந்தால் மட்டுமே விலை குறைந்த டயரை நான் ஒப்புக்கொள்வேன்.

பணம் ஓரளவு இருக்கிறது என்று முன்னே மட்டும் ரேடியல் வாங்கிப் பின்னே சாதாரண டயர் போடலாமா என்றும் சிலர் யோசிப்பார்கள், அது வேண்டாம். இரண்டும் பாரத்தில் வளையும் விதம் வேறு என்பதால் வேகத்தில் வண்டி அலைபாயக்கூடும். அளவில் 17-க்கு முன்னால் R இருந்தால் ரேடியல், வெறும் கோடு இருந்தால் சாதாரண வகை.

தூரத்தையும் யோசியுங்கள். போக மட்டுமே 500 கிலோமீட்டருக்கு மேல். மென்மையான டயரை வாங்கினால் அதன் நடுப்பகுதியின் நல்ல பங்கு நெடுஞ்சாலையிலேயே கரைந்துபோகும். அந்த வகையில் உங்கள் சிக்கனம் நியாயமானதுதான். கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே நமக்கு இன்னும் பக்கம். சுற்றும் சிறியது, ஏறக்குறைய 2.1 கிலோமீட்டர். இருங்காட்டுக்கோட்டையில் அது 3.7. அங்கே பயிற்சி நாள் நடந்தால் அதையும் விசாரித்துப் பாருங்கள்.

உச்சிப்புளி வாசகர்:

மூவருக்கும் நன்றி. புதுத் தேதியுள்ள சாதாரண ஜோடியையே வாங்கிக்கொண்டு, கடைசி அமர்வில் இறங்காமல் இருந்துவிடுகிறேன். இரண்டு சந்தேகங்கள் மட்டும் மிச்சம். புது டயரின் ஓரத்து வழவழப்பு போக தனுஷ்கோடிச் சாலையில் சாய்த்துப் பழகலாமா? தளத்தில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

மண்டபத்திலிருந்து மீண்டும்:

தனுஷ்கோடி வேண்டவே வேண்டாம். காற்றில் மணல் ஏறிக் கிடக்கும் சாலையில் சாய்ப்பது விழுவதற்கே வழி. முதல் 150 கிலோமீட்டரைக் கடும் பிரேக் இல்லாமல் ஓட்டுங்கள். நம் மாவட்டத்தில் மலைப்பாதை இல்லாததால், ஓரங்களைப் பழக்கத் தளத்தின் முதல் அமர்வையே முழுமையாக ஒதுக்கி, சுற்றுக்குச் சுற்று சிறிது சிறிதாகச் சாய்வைக் கூட்டுங்கள். அது கடிகாரச் சுற்றில் ஓடும் தளம் என்பதால் வலது ஓரம் விரைவில் சூடேறும், இடது ஓரம் பின்தங்கும். இடப்பக்க வளைவுகளில் கூடுதல் நிதானம் தேவை.

கீழக்கரைத் தம்பி சொன்ன மதிய நேரத் தைரியத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

காற்றைப் பொறுத்தவரை, வண்டிக் கையேட்டில் உள்ள அளவையே காலையில் குளிர்ந்த டயரில் வைத்து இறங்குங்கள். பிறர் 22, 24 பிஎஸ்ஐ என்று குறைப்பதைப் பார்த்து நீங்களும் குறைக்க வேண்டாம். அவர்களுடைய டயர் வேறாக இருக்கும், சாதாரண டயரில் காற்று குறைந்தால் சுவர் இன்னும் அதிகமாக மடங்கிச் சூடும் கூடும். உள்ளிருக்கும் காற்று 35 டிகிரி சூடேறினால் 28 பிஎஸ்ஐ என்பது 33-ஐ நெருங்கிவிடும். அமர்வு முடிந்து வந்ததும் அளந்து பாருங்கள். அதைவிட மேலே போயிருந்தால் மட்டும் ஓரிரண்டு பிஎஸ்ஐ இறக்குங்கள். அப்படி இறக்கியிருந்தால் மாலையில் டயர் ஆறியதும் மறுபடி கையேட்டு அளவுக்கு நிரப்பிவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள்.